கீழ்க்குரல் வரிசை

கனாயே வாய்விட்டுப் பாடி முப்பது வருஷம் ஆகியிருந்தது. பேச்சில் குறைவில்லை. ஜப்பானின் யாய்சு துறைமுகத்துக்குப் பக்கத்தில், சூரை மீனை வெட்டிப் பெட்டியில் அடைக்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்துப் பேசத் தெரியாதவள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. பாட்டு என்று வந்தால்தான் அவள் வாயில் பூட்டு விழும். வருஷக் கடைசியில் கூடத்துப் பெண்கள் கரோகே பாட்டு அறைக்குப் போனால், அவள் டாம்பரினைத் தட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். மகள் ஷிஹோவைப் பாடித் தூங்கவைத்ததுகூட அவள் கணவர்தான். அவர் குளியல் தொட்டியில் இறங்கினால் தெரு முழுக்கக் கேட்கும். அம்மாவுக்குப் பாட்டே பிடிக்காது என்றுதான் ஷிஹோ நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிடிக்காமல் என்ன? ஒரு காலத்தில் ரொம்பவே பிடித்திருந்தது. இப்போது ஷிஹோ படிக்கிற அதே நடுநிலைப் பள்ளியில்தான் கனாயேயும் படித்தாள். இலையுதிர்கால விழாவில் வகுப்புக்கு வகுப்பு சேர்ந்திசைப் போட்டி அப்போதும் உண்டு. போட்டிக்கு முதல் நாள் வகுப்புத் தலைவி மாகினோ அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதே. நாளைக்கு நீ வாயை மட்டும் அசைக்கிறியா? எல்லாருக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு இடுப்பு வளையக் கும்பிடு வேறு போட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். குனிந்து கேட்கிறவளை என்ன செய்வது? கனாயே சிரித்தாள். "எனக்கும் அதான் நல்லதுன்னு தோணுச்சு" என்றாள். மறுநாள் வகுப்புக்குத் தங்கப் பரிசு கிடைத்தது. புகைப்படத்தில் பரிசுத்தாளின் ஒரு மூலையைக் கனாயேயும் பிடித்திருக்கிறாள். அந்தப் பரிசில் அவளுடைய பங்கு, பாடாமல் இருந்ததுதான்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. யாரும் பாடச் சொல்லவும் இல்லை. அப்படியே போயிருக்கும், ஏப்ரல் மாதப் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்.

எங்கள் ஊரில் பெற்றோர் சங்கத்துக்கு ஆள் எடுக்கிற அழகைச் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியர், "யாராவது முன்வருகிறீர்களா?" என்று கேட்பார். உடனே அறையில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் தலையைக் குனிந்து மேசையில் இல்லாத எதையோ படிக்கத் தொடங்குவார்கள். பேச்சுமூச்சு இருக்காது. கடைசியில் கல், கத்தரி, காகிதம் போட்டுத்தான் தீர்ப்பு. கனாயே எப்போதும் கத்தரி போடுகிறவள். அன்றைக்கு எதிரே வந்தது கல், கத்தரி தோற்றது. விழாக் குழுவில் சேர்ந்தாள். விழாக் குழுவில் இருப்பவர்கள் அம்மாக்கள் சேர்ந்திசையிலும் நிற்க வேண்டும் என்பதைத் தோற்ற பிறகுதான் சொன்னார்கள்.

இசை ஆசிரியர் தச்சிகாவா குரல் பார்த்துப் பிரித்தபோது, கனாயே தானாகவே போய்க் கீழ்க்குரல் வரிசையில் நின்றுகொண்டாள். மேல்குரல்காரர்களிடம்தான் பாட்டின் மெட்டு இருக்கும், எல்லாருடைய காதும் அங்கேதான். கீழ்க்குரலில் சலூன்காரர் மனைவியையும் சேர்த்து ஆறு பேர். அதிலும் நடுவில் ஒகுரி நின்றாள். ஒகுரி கடைத்தெருவில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். கடையில் நின்று கூப்பிட்டால் கடலில் போகிற படகு திரும்பும் என்பார்கள். அவளை ஒட்டி நின்றால் தன் சத்தம் என்ன, தன் மூச்சுகூட யாருக்கும் கேட்காது. கனாயேக்கு அது வசதியாகப் போயிற்று. முதல் பயிற்சியிலேயே வாயை மட்டும் அசைத்தாள். முப்பது வருஷம் முன்பு கற்ற வித்தை, மறந்துபோகவில்லை.

தச்சிகாவா நல்ல மனிதர். விழாவில் அழவைக்கிற பாட்டுதான் பாட வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்பவர்கள் எத்தனை பேர் கைக்குட்டையை எடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பாட்டு வென்றதா தோற்றதா என்று அவர் சொல்வார். அந்த வருஷம் அவர் எடுத்தது ஒரு பிரிவுப் பாட்டு. பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்கு அம்மா பாடுகிற மாதிரி இருக்கும். முதல் சரணத்தை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும். இரண்டாம் சரணத்தில் மேல்குரல் நின்றுவிடும், கீழ்க்குரல் மட்டும் தனியாகத் தொடங்கும்:

நீ போகும் பாதையில் காற்று வந்து தொட்டால்
அது என் குரல் என்று எண்ணிக்கொள்.

கைக்குட்டைகள் வெளியே வருவதே அந்த இடத்தில்தான் என்று தச்சிகாவா சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். புதன்கிழமை தோறும் மாலையில் இசை அறையில் பயிற்சி. கீழ்க்குரல் வரிசை பாடி முடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். ஆறு பேர் பாடுவது ஒரே குரலாக ஒலிக்கிறது, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கீழ்க்குரல் தனக்கு வாய்த்ததில்லை என்பார். ஒருநாள் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"எல்லாரும் ஷிஹோ அம்மா வாயைப் பாருங்க. சொல்லுக்குச் சொல் எவ்வளவு அழகாத் திறந்து மூடறாங்க."

எல்லாரும் பார்த்தார்கள். கனாயேக்குக் காது மடல்வரை சிவந்தது. அன்று வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும்போது, விழா முடிகிறவரை மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும், இந்த ஜன்மத்தில் இனி கத்தரி போடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின வாரம், சாப்பாட்டு மேசையில் ஷிஹோ ஒரு பேச்சு எடுத்தாள். அவள்தான் தன் வகுப்புச் சேர்ந்திசையைக் கை காட்டி நடத்துகிறவள். மூன்றாம் வருஷம், இதுதான் கடைசி விழா. தங்கம் வாங்காமல் விடுவதில்லை என்று வகுப்பே வெறிபிடித்து அலைந்தது. வகுப்பில் நெமொதோ என்று ஒரு பையன். அவன் சுருதி சேராமல் பாடுகிறான், பக்கத்தில் நிற்கிறவர்களையும் தன்னோடு இழுத்துப் போகிறான். பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். அவனிடம் சொல்கிற வேலை ஷிஹோ தலையில் விழுந்திருந்தது.

"வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்போறேன். நாசூக்காத்தான் சொல்வேன்" என்றாள்.

கனாயே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எந்த வாயால் சொல்வது? புதன்கிழமை தோறும் போய் வாயைத் திறந்து மூடிவிட்டு வருகிறவள், பாடாமல் இருக்கச் சொல்லாதே என்று மகளுக்குப் புத்தி சொல்ல முடியுமா? ஏன் என்று ஷிஹோ கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் வேறு எதையோ கேட்டாள்.

"அந்தப் பையன் என்ன சொல்லுவான்?"

"ஒண்ணும் சொல்லமாட்டான். அவன் நல்லவன்மா."

கனாயே ஊறுகாய்த் தட்டை மகள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் ஷிஹோ லேசான மனசோடு வந்தாள். நெமொதோ கோபித்துக்கொள்ளவே இல்லையாம். சிரித்துக்கொண்டே, எனக்கும் அதான் நல்லதுன்னு தோணுச்சு என்றானாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கனாயே குழாயை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். தன் பிள்ளை இன்னொரு பிள்ளையின் வாயைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறது, தான் தடுக்கவில்லை என்பது அவளை ராத்திரியெல்லாம் அரித்தது.

விழா நாள் வந்தது. காலையில் பெற்றோர் சங்கத்தின் கடை. முற்றத்தில் கூடாரம் போட்டு, கறிக்குழம்பு ஊற்றிய உடோன் நூடுல்ஸ் விற்றார்கள். கூப்பிட்டு விற்கிற வேலையை ஒகுரியைத் தவிர யாரிடம் கொடுப்பார்கள்? "சூடா இருக்கு வாங்க, தீர்ந்துபோனா வருத்தப்படாதீங்க" என்று அவள் போட்ட கூப்பாட்டில், பக்கத்துத் தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு போனவர்கள்கூட உள்ளே வந்து சாப்பிட்டார்கள். மதியத்துக்குள் அண்டா காலி. அதோடு ஒகுரியின் தொண்டையும் காலி. தேன் கலந்த வெந்நீரைக் குடித்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. கடைசி நேரத்தில் சொல்லி மற்றவர்களைக் கலவரப்படுத்துவானேன், மற்ற ஐந்து பேரும் பாடிக்கொள்வார்கள், நாம் வாயை அசைத்துச் சமாளிப்போம் என்று முடிவு செய்துகொண்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை. இது எல்லாருக்கும் பிறகுதான் தெரிந்தது.

உடற்பயிற்சிக் கூடத்தில் தரை முழுக்கப் பச்சை விரிப்பு, வரிசையாக மடக்கு நாற்காலிகள். பெற்றோர்கள் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசைகளில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள். அம்மாக்கள் சேர்ந்திசைதான் மதிய நிகழ்ச்சியில் முதல், அது முடிந்ததும் வகுப்புப் போட்டி. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக மேடை ஏறிய கனாயே, ஒகுரியை ஒட்டித் தன் இடத்தில் நின்றாள். கீழே ஷிஹோ தெரிந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை பின்னால், உயரமாக ஒரு பையன் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வகுப்புப் புகைப்படத்தில் பார்த்திருக்கிறாள். நெமொதோ.

பியானோ தொடங்கியது. முதல் சரணம் நன்றாகவே போயிற்று. ஏதோ குறைகிற மாதிரி கனாயேக்குப் பட்டது, ஆனால் மேல்குரல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போயிற்று. பிறகு மேல்குரல் நின்றது. தச்சிகாவா கீழ்க்குரல் பக்கம் திரும்பினார். முகத்தில் முன்கூட்டியே ஒரு உருக்கம். கையை மெல்ல உயர்த்தி, அழைத்தார்.

ஆறு வாய்கள் அழகாகத் திறந்தன. ஒரு சத்தமும் வரவில்லை.

பியானோ மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தச்சிகாவாவின் கை இன்னொரு தடவை அழைத்தது. ஆறு வாய்களும் ஒன்றாகத் திறந்து, ஒன்றாக மூடி, ஒன்றாகக் குவிந்தன. அதில் ஒரு பிசிறு இல்லை. மீன் தொட்டியைப் பார்ப்பது போல இருந்திருக்கும் கீழே இருந்தவர்களுக்கு. கூடம் கம்மென்று ஆகிவிட்டது. கனாயே ஓரக்கண்ணால் ஒகுரியைப் பார்த்தாள். அவளுடைய வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, சத்தம் இல்லை. இந்தப் பக்கம் சலூன்காரர் மனைவி, அவளும் அப்படியே. அப்போதுதான் கனாயேக்கு உறைத்தது. யாருமே பாடவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட வராத ஒரு யோசனை அப்போது வந்தது. நான் பாடினால் பாட்டு கெட்டுப்போகும் என்றுதானே இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? இங்கே கெடுப்பதற்குப் பாட்டே இல்லையே.

அவள் பாடினாள்.

குரல் முதலில் துருப்பிடித்த கீல் மாதிரி கிறீச்சிட்டது. பிறகு மீன் கூடத்தில் இயந்திரத்துக்கு மேலே எடுக்கிற அந்தக் குரல் வந்தது. அதுதான் அவளுக்குத் தெரிந்த குரல். காற்று வந்து தொட்டால் என்ற இடத்தில் காற்று எங்கேயோ போயிற்று. சுருதி சேரவில்லை, அது அவளுக்கே தெரிந்தது. பியானோ வாசித்த பெண் ஒரே கட்டையை அழுத்தி அழுத்தி, இதோ இங்கே, இதோ இங்கே என்று காட்டினாள். கனாயே அந்தப் பக்கமே போகவில்லை. முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷிஹோவின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு ஆச்சரியத்தில் வாய் பிளந்து நின்றுவிட்டது. கனாயே நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி அந்த மௌனம் வந்துவிடும், அதைவிட இது பரவாயில்லை. "அது என் குரல் என்று" என்ற வரியில் சலூன்காரர் மனைவி சேர்ந்துகொண்டாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி, பிறகு மற்றவர்கள். ஒகுரிகூடத் தொண்டையிலிருந்து கரகரவென்று எதையோ கொண்டுவந்து போட்டாள். மேல்குரல் வந்து சேர்ந்தபோது, மேடையில் இருந்த அத்தனை பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கைக்குட்டை எதுவும் வெளியே வரவில்லை. கைதட்டல் மட்டும் கூரையைப் பிய்த்தது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கனாயேதான் முதலில் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். முதல் நாளிலிருந்தே தான் பாடவில்லை, வாயைத்தான் அசைத்தேன் என்றாள். சொன்னதும் பாரம் இறங்கியது. அவள் நிமிர்வதற்குள் சலூன்காரர் மனைவி குனிந்துவிட்டாள்.

"நானுந்தான். ஷிஹோ அம்மா வாயை அவ்ளோ அழகாத் திறந்தாங்களா, அவங்க பாடறாங்கன்னே நெனச்சேன். நான் வேற எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

அதற்குப் பிறகு ஒருத்தி பாக்கியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சின்ன வயசில் அண்ணன் கேலி செய்தது, ஒருத்திக்கு வரிகளே மனப்பாடம் ஆகாதது. ஆளுக்கொரு காரணம். ஆறு மாதமாகக் கீழ்க்குரல் வரிசையில் பாடிக்கொண்டிருந்தது ஒகுரி ஒருத்திதான். ஒகுரி, இல்லாத குரலை எடுத்து, "அடிப்பாவிகளா, என் ஒருத்தி மேலயா இவ்ளோ நாளும் ஏறி உக்காந்திருந்தீங்க?" என்று காற்றாகச் சொன்னாள். அப்போதுதான் தச்சிகாவா அங்கே வந்து சேர்ந்தார். ஆறு பேர் பாடியும் ஒரே குரலாக ஒலித்த ரகசியம் அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அசடு வழிந்ததைப் பார்த்து முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, உட்கார்ந்து எழுந்து சிரித்தார்கள். கடைசியில் கைக்குட்டைகள் அங்கேதான் வெளியே வந்தன.

கனாயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் போய்ப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரித்த சிரிப்பு அடங்கியதும், நெஞ்சில் அந்தப் பழைய அரிப்பு திரும்பி வந்தது. தான் பாடிவிட்டாள், சரி. அந்தப் பையன்?

ஷிஹோவின் வகுப்பு மேடை ஏறியது. நெமொதோ கடைசி வரிசை ஓரத்தில் நின்றான். ஷிஹோ கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்று கையைத் தூக்கினாள். தூக்கியவள் உடனே தொடங்கவில்லை. தலை கொஞ்சம் நிமிர்ந்து, கடைசி வரிசைப் பக்கம் திரும்பி, ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு கை இறங்கியது.

அழகாகத் தொடங்கினார்கள். பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்திருந்தார்கள். கனாயே செருப்புப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்டாள். இரண்டாவது அடியில், ஆண்பிள்ளைகளின் கனத்த குரல்களுக்கு அடியில், எதுவோ ஒன்று உராய்ந்தது. அரை ஸ்வரம் தள்ளி, தயங்கித் தயங்கி ஒரு குரல். அடுத்த அடியில் அது கொஞ்சம் தைரியம் பெற்றது. அதற்கடுத்த அடியில் பக்கத்தில் இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நடுவர் வரிசையில் இருந்தவர் பென்சிலால் எதையோ குறித்தார். ஷிஹோவின் கை அசரவில்லை. முதுகு நேராக இருந்தது.

அந்த வகுப்புக்குத் தங்கம் கைநழுவிப் போயிற்று என்று கூடத்தில் எல்லாருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் கனாயே ஒருத்திக்கு மட்டும் மூச்சு தாராளமாக வந்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மா, உருக்கமான பாட்டுதான் இல்லையா என்று மெதுவாகக் கேட்டாள். கனாயே ஆமாம் என்று தலையாட்டினாள்.

தங்கமும் வெள்ளியும் வேறு வகுப்புகளுக்குப் போயின. சாயங்காலம் செருப்பு அடுக்கின் பக்கத்தில் ஷிஹோ காத்திருந்தாள். அழுத கண், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. இரண்டு பேரும் கடற்கரைச் சாலை வழியாக நடந்தார்கள். சூரை மீன் காய்கிற வாசம் காற்றில் வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு ஷிஹோதான் ஆரம்பித்தாள்.

"உனக்குச் சுருதி சுத்தமா வரலைம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சேவா பாடினே?"

கனாயே அப்போது எல்லாவற்றையும் சொன்னாள். மாகினோ குனிந்து கேட்டது, தான் சிரித்தது, தங்கப் பரிசு, டாம்பரின், புதன்கிழமைகள், சாப்பாட்டு மேசையில் சொல்லாமல் விட்டது எல்லாம். சொல்லி முடித்தபோது ஷிஹோ நடப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். வாய் வரல" என்றாள் கனாயே. பிறகு தாங்காமல், அந்தப் பையனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள்.

மேடைக்கு ஏற வரிசையில் நின்றபோதுதான் ஷிஹோ அவனிடம் போனாளாம். பாடு என்றாளாம். அவன் நம்பவில்லை. பாட்டு கெட்டுப்போகுமே, தங்கம் போயிடுமே என்று நாலு தடவை கேட்டானாம். பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்களாம்.

"நீ என்ன சொன்னே?"

ஷிஹோ சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கம்மா பாடினதைக் கேட்டேல்ல, அதைவிடவா நீ கெடுத்துடப்போறேன்னு கேட்டேன். உடனே சரின்னுட்டான்."

கனாயே மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இரண்டு பேரும் நடந்தார்கள். திருப்பத்தில் வீடு தெரிந்தது, குளியலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது, கணவரின் பாட்டு தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. கனாயே வாசலைத் திறப்பதற்கு முன்னாலேயே அடுத்த அடியை எடுத்துப் பாடினாள், அரை ஸ்வரம் தள்ளி. உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"யாருடி அது?" என்றார் கணவர்.

"நான்தான்" என்றாள் கனாயே.